ஆறு சிலிண்டரும் சீராக

உட்காருங்கள் தம்பி. அந்தப் பெஞ்சில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில், சாலைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். நீங்கள் விலை பேசியிருக்கிற வண்டி வர நேரம் இருக்கிறது. அது கடைசி வளைவு திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். உங்களுக்குக் கேட்காது. இந்த டீக்கடைக்காரர் காரவள்ளி அடிவாரத்தில் முப்பது வருஷமாக மலை வண்டிகளைப் பார்க்கிறார், அவருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றே வண்டியைக் கீழே இறக்கி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்று போனில் சொன்னேனா இல்லையா? இன்ஜினைச் சில்லென்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். சூடேறிவிட்டால் எல்லா இன்ஜினும் நல்லவிதமாகத்தான் பேசும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி. ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் முதல் தடவை எப்படி எழுந்திருக்கிறது, அதில் தெரிந்துவிடும். சரி, விடுங்கள். விற்கிறவன் மலையிலிருந்து இறங்கித்தானே வருகிறான். இறங்குகிற வண்டியில் இன்ஜினுக்கு என்ன வேலை? பெரிதாகச் சூடேறியிருக்காது.

என்னைப் பற்றி யார் சொன்னது? பேளுக்குறிச்சி வாழைக்காய் மண்டிக்காரரா? அப்படியானால் நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் மெக்கானிக் இல்லை தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் பிடித்து ஒரு நட்டைக் கழற்றத் தெரியாது. ஜவ்வரிசி ஆலையில் ஜெனரேட்டர் ரூமில் இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்ட். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் அது வெறும் சத்தம். இரண்டாம் வருஷம் காதுக்குள் இரைச்சல். மூன்றாம் வருஷம் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறேன், அது பேசுகிறது. ஒரு பேரிங் போகப்போகிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். "அங்கமுத்து, போய் முகத்தைக் கழுவு" என்றார். ஒன்பதாம் நாள் பேரிங் போயிற்று. அதற்குப் பிறகு ஒருத்தரும் என்னை முகம் கழுவச் சொன்னதில்லை.

அப்படித்தான் ஊரில் வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் கூலி வாங்குவதில்லை. ஒரு டீ போதும். எனக்கு ஒரு முறை உண்டு, மண்டிக்காரர் சொல்லியிருப்பாரே? வண்டியைக் கண்ணால் பார்க்க மாட்டேன். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பேன், இந்தத் துண்டை முகத்தில் போட்டுக்கொள்வேன். ஸ்டார்ட் செய்யச் சொல்வேன். ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்வேன். அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால், நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்பேன். துண்டை எடுக்காமலே சொல்லிவிடுவேன், எடு, எடுக்காதே என்று. ஏன் பார்ப்பதில்லை என்றால், கண் ஏமாறும். புதுப் பெயின்ட் அடித்திருப்பான், சீட்டுக்கு உறை போட்டிருப்பான், கண் அங்கே போய்விடும். காது போகாது.

சொன்ன பிறகாவது பார்க்கலாமே என்கிறீர்களா? சொன்ன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

நீங்கள் போனில் பழைய வண்டி, பெரிய இன்ஜின் என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எப்படியும் மூன்று வருஷமாகப் பகலில் எனக்குத் தூக்கம் சரியில்லை. அதை விடுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் வையாபுரி. கொல்லிமலைப் பழ வியாபாரம். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் தோட்டத்துக்காரர்களிடம் பலாப்பழம் எடுத்து நாமக்கல்லில் கொண்டுவந்து போடுவார். வாடகை வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சொந்த வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். மனுஷன் எதற்கும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டார். வீட்டுக்கு வாசல்கால் வைக்கிறபோதுகூட, "மச்சான், இந்த மரத்தைத் தட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்றவர். மரத்துக்கு நான் என்னத்தைக் கண்டேன்? தட்டிப் பார்த்தேன், நல்ல மரம் என்றேன். அந்த வாசல்கால் இன்னும் இருக்கிறது.

மூன்று வருஷம் முந்தி, பலாப்பழ சீசனுக்கு முன்னால் ஒரு வண்டி விலைக்கு வந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பிக்கப், நானும் வையாபுரியும் பள்ளிக்கூடம் போன காலத்து வண்டி. அதில் இருந்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, லாரியிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வைத்திருந்தான் கதிரேசன் என்று ஒருத்தன். பானெட்டை அறுத்து நீட்டி, முன்பக்கம் இரும்புச் சட்டம் கொடுத்து, உட்கார வைத்திருக்கிறான். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது. நான்தான் பார்க்கவில்லையே.

பேளுக்குறிச்சி சந்தை மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். சந்தை இல்லாத நாள், இருந்தாலும் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நான் துண்டு போடுகிறேன் என்றால் கூடுவார்கள். என் தங்கை பூங்கொடியும் வந்திருந்தாள். வீட்டில் இரு என்று சொன்னேன், கேட்கவில்லை.

என்ன சொல்ல தம்பி. அப்படி ஒரு இன்ஜினை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரே தட்டில் எழுந்தது. இருமவில்லை. புகை வாசனை துளிகூட இல்லை. ஆறு சிலிண்டரும் சீராக, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. மூன்றாவதில் மட்டும் ஒரு சின்னத் தட்டு இருந்தது. தூரத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு தட்டு. அதில் கெடுதல் இல்லை, அது அதன் சுபாவம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை துண்டு இருந்தது.

கதிரேசன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். என் காது அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா? சும்மா சொல்லவில்லை, ஒன்று விடாமல் சொல்கிறேன். கூட்டத்தில் ஒருத்தன் தீக்குச்சி கிழித்தான், இரண்டாவது குச்சியில்தான் பற்றிற்று. ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சியது. வண்டி திரும்பி வந்து நிற்கிறபோது கதிரேசன் பிரேக் பெடலை மூன்று தரம் மிதித்தான், தக் தக் தக். அப்புறம் கூட வந்தவன் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தான். வலது பக்கம். எல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதுகைக் காட்டிக்கொண்டு. இதை வேறு யாராவது செய்வார்களா, சொல்லுங்கள்.

துண்டுக்குள்ளிருந்தே, "மாப்ள, கண்ண மூடிட்டு எடுத்துக்கோங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. கண்ணை மூடியிருந்தது நான்தானே.

பூங்கொடி அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எதுக்கு இத்தாப்பெரிய இன்ஜினு?"

"மலை ஏற வேண்டாமா புள்ள? எழுவது வளைவு."

"ஏறும்போது வெறும் வண்டிதானே? பாரமெல்லாம் இறங்கும்போதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்ஜின் விஷயம் உனக்குத் தெரியாது, போய்ச் சோத்த ஆக்கு" என்றேன். அவள் போகாமல் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

ஆனால் பாருங்கள், வண்டி என்ன மாதிரி ஏறிற்று தெரியுமா! வையாபுரி வாயெல்லாம் பல்லாக வந்து சொல்வார். "மச்சான், மூணாவது கியருலயே ஏறுது. பஸ்ஸுக்காரன் ஒதுங்கி வழி விடறான்." காலி வண்டி, பறக்கும்தானே. அந்தச் சீசனில் மலையில் எல்லோருக்கும் வையாபுரி வண்டியைத் தெரியும். சத்தம் கேட்டதுமே தோட்டத்துக்காரர்கள் பழத்தை வெட்டி இறக்க ஆரம்பித்துவிடுவார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா?

இறங்கும்போது கொஞ்சம் பார்த்துப் பார்த்து வருவதாகச் சொன்னார். முன்பக்கம் கனமாக இருப்பதால் ஸ்டியரிங் கையை இழுக்கிறது என்றார். நாலு வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தி, சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு வருவதாகச் சொன்னார். சக்கரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது சக்கரத்தைப் பற்றி. "இன்ஜின் எப்படி இருக்குது?" என்றேன். "அது ராஜா மச்சான்" என்றார். எனக்கு அது போதும்.

ஆனி மாசம் கடைசி. மலையில் சாரல். அன்று அதிகாலையிலேயே லோடு ஏற்றி இறங்கியிருக்கிறார், கூட ஆள் இல்லை. பின்னால் வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் சொன்னது இது: நாற்பதாவது வளைவிலிருந்தே ஏதோ கருகுகிற வாடை வந்துகொண்டிருந்ததாம். முப்பத்தி நாலாவது வளைவில் வண்டி திரும்பவில்லையாம். வளைவே இல்லாத மாதிரி நேராகப் போயிற்று என்றார். ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று என்றார்.

எனக்கு ஆலையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் போன் வந்தது. மேனேஜர் தன் பைக்கில் அனுப்பிவைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் வையாபுரியை மேலே தூக்கிவந்து சாலையோரம் படுக்கவைத்துத் தார்பாய் போட்டிருந்தார்கள். பூங்கொடி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

கீழே பள்ளத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது தம்பி.

வண்டி இரண்டு மரத்துக்கு நடுவில் போய்ச் செருகி நின்றிருக்கிறது. பின்னால் லோடு ஏற்றுகிற பெட்டி கழன்று எங்கேயோ கிடக்கிறது. பலாப்பழம் பள்ளம் முழுக்க உடைந்து, அந்த வாசனை இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் பலாப்பழம் தொட்டதில்லை. இத்தனைக்கும் நடுவில் அது பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு மணி நேரமாக. மலைக்காரர்கள் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள், பிடுங்கியே எடுத்துவிட்டார்கள், நிற்கவில்லை. பழைய டீசல் இன்ஜின் சாவிக்கு நிற்காது, ஸ்டாப் கம்பியை இழுக்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தர் என்னிடம், "சாமி, அத நிறுத்திப் போடு, கேக்க முடியல" என்றார்.

வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கதவு இல்லை. கையை விட்டேன், கம்பி கிடைத்தது. இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஆறு சிலிண்டரும் சீராக. அத்தனை உயரத்திலிருந்து விழுந்து, ஒரு பிசிறு இல்லை. மூன்றாவதில் அந்தச் சின்னத் தட்டு, அதுகூட அப்படியே. நான் பேளுக்குறிச்சியில் சொன்னதில் ஒரு சொல் தவறு இல்லை. அதைத்தான் நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு மனுஷன் அதை நினைக்கலாமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதுதான் மனசில் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே சாலை விளிம்பில் பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். அப்புறம்தான் இழுத்தேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சந்தப்பேட்டையில சக்கரத்துக்குக் கல்லு வெச்சாங்களே, நான் பாத்தேன். அன்னிக்கே இவருகிட்ட கேட்டேன், பிரேக்கு இருந்தா எதுக்குங்க கல்லுன்னு. 'மச்சானுக்குக் கேக்காததா? அவரே ஒண்ணும் சொல்லல, நீ பேசாம வா'ன்னாரு. உனக்கு அந்தக் கல்லு சத்தம் கேட்டுச்சா, இல்லையா?"

"கேக்கல புள்ள" என்றேன்.

அவள் என் காதைப் பார்த்தாள். முகத்தை இல்லை, காதை. "சரி" என்றாள். அதோடு சரி. மூன்று வருஷமாகிறது, என்னோடு பேச்சு இல்லை. தீபாவளிக்குச் சீர் கொண்டுபோனால் கதவு சாத்தியிருக்கும், அந்த வாசல்கால் முன்னால் வைத்துவிட்டு வருவேன். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? என்னை இன்ஜின் கேட்கக் கூப்பிட்டார்கள், இன்ஜினைக் கேட்டுச் சொன்னேன். பிரேக்கைக் கேள் என்று யார் சொன்னார்கள்? அத்தனை பெரிய இன்ஜின் ஓடுகிறபோது ஒரு கல்லை வைக்கிற சத்தம் யாருக்காவது கேட்குமா?

என்ன பார்க்கிறீர்கள்?

முன்னால் கேட்டது என்றேனா? பெடல் மூன்று தரம், வலது பக்கம் கல், எல்லாம் சொன்னேனா?

அது... அது அப்புறம் யோசித்துப் பார்த்ததில் தோன்றியது தம்பி. தனியாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எத்தனையோ தோன்றும். டீயைக் குடியுங்கள், ஆடை படிகிறது.

அந்த இன்ஜின் என்ன ஆயிற்று என்றால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு வருஷம் வெயிலில் கிடந்தது. நான் லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பேசாத இன்ஜினைப் பார்த்து என்ன பிரயோஜனம், ஆனாலும் போவேன். ஒரு நாள் போனால் இடம் காலியாக இருந்தது, தரையில் ஆயில் கறை மட்டும். பழைய இரும்புக்காரன் எடுத்தான் என்றார்கள். அவனைப் போய்க் கேட்டேன். இன்ஜினை உடைக்கவில்லை, அது ரொம்ப நல்ல இன்ஜின், கைமாறிவிட்டது என்றான். யாருக்கு என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுகிறேன். போன மாசம் ஆத்தூர் வரைக்கும் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

உங்களுக்கு வண்டி எதற்கு, லோடுக்கா? ஆள் ஏற்றவா? மிளகுத் தோட்டத்துக்குப் பொம்பளைகளைக் காலையில் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்குவதா? எத்தனை பேர்? பதினெட்டு. உங்கள் வீட்டம்மாவும் போவார்களா? நல்லது. ஆளுக்கு என்ன பெரிய பாரம், பலாப்பழமா.

இருங்கள். பேசாதீர்கள்.

உங்களுக்குக் கேட்காது. இதோ, மேலே. இரண்டாவது கியருக்கு மாற்றப் பார்க்கிறான், விழவில்லை. மறுபடியும் மாற்றப் பார்க்கிறான். விழுந்தது. தம்பி, இது ஆறு சிலிண்டர். நீங்கள் பெரிய இன்ஜின் என்று மட்டும்தானே சொன்னீர்கள். அந்தத் துண்டை எடுங்கள், பெஞ்சில் இருக்கிறது பாருங்கள். சீக்கிரம்.

ம்.

மூன்றாவதில் அந்தத் தையல் மிஷின். கேட்கிறதா? ஆறு சிலிண்டரும் சீராக, மூன்றாவதில் மட்டும்... வேறு எதற்கும் இந்தக் குரல் கிடையாது. உயிரோடுதான் இருக்கிறது. மூன்று வருஷம். யார் யார் கையிலோ இருந்துவிட்டு, என்னைத் தேடிக்கொண்டு இங்கேயே இறங்கி வருகிறது.

கடையைத் தாண்டுகிறானே. ஏன் தாண்டிப் போகிறான்? சரி, நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கிறான், அவ்வளவுதான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். யார் ஓடுவது? ஒருத்தரும் ஓடவில்லை.

தக் தக் தக் என்றா? எது? இல்லையே. கல்லா, என்ன கல்? தம்பி, நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு உங்களுக்கு எல்லாம் அப்படியே கேட்கிறது. துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். எனக்குக் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் மட்டும்தான் கேட்கிறது. நல்ல இன்ஜின், எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறீர்கள்? போனால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். கம்பியை இழுத்துவிடப் போகிறான், இழுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஓடட்டும்.